ஏழாவது கேள்வி

மாணவர் ஈடுபாடு:
ஒன்றிலிருந்து ஐந்து வரை, பொருத்தமானதை வட்டமிடுக.

கட்டுறு பயில்வின் பதினோராவது கிழமை.
துணுக்காயிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீற்றர்,
கிறவல் ரோட்டில் என் ஸ்கூட்டி,
காலிடுக்கில் துவாய் சுற்றிய மல்ரிமீடியா.
கல்லூரியில் சொல்லித்தந்தார்கள்,
திரை ஒளிர்ந்தால் கண் ஒளிரும் என்று.
அதை நம்பி மூன்று இரவு குந்தியிருந்து செய்தேன்
நீர்ச்சக்கரத்துக்கு இருபத்திரண்டு சிலைட்டுகள்.
அம்புக்குறி பறந்து வரும். மேகம் நகரும்.
மழை விழுகையில் சத்தமும் வரும்.

முதல் நாள் மேகத்துக்குள் ஒரு பல்லி வந்தது.
வெளிச்சத்துக்கு வந்த பூச்சியைக் குறிவைத்து
ஆவியாதலில் இருந்து ஒடுங்கல் வரை
அடிமேல் அடியாக ஊர்ந்தது.
முப்பத்தொரு பிள்ளைகளும் மூச்சு விடவில்லை.
கவ்விய நொடியில் எழும்பிய கூச்சலுக்கு
பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தா.
அன்றைக்கு ஐந்தை வட்டமிட்டேன்.
பொய்யில்லை.
எதில் ஈடுபாடு என்று படிவம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்மதிப் படம்.
சிக்னலுக்காகப் போனை யன்னல் கம்பியில் கட்டி,
என் டேட்டா கரையக் கரைய,
சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி
கடைசியில் எங்கள் குளம் வந்தது,
தண்ணீரில்லாமல், காயப்போட்ட மாட்டுத்தோல் மாதிரி.

"பிழை ரீச்சர்."
லதுர்சன். கடைசி வாங்கு.
இரவில் தகப்பனோடு பரணில் யானைக்குக் காவல்,
பகலில் என் பாடத்தில் நித்திரை.
"இது ஆவணியில எடுத்தது. இப்ப வான் பாயுது."
எழும்பி வந்தான். கை நீட்ட,
குளத்தின் பாதியில் அவன் விரல்களின் நிழல்.
"இந்த மதகு உடைஞ்சிட்டுது. இதால தான் அவர் இறங்கிறவர்.
இந்த நீலப் புள்ளி எங்கட தறப்பாள்.
இப்ப ஓடு போட்டாச்சு. அவைக்குச் சொல்லுங்கோ."
எவைக்கு?
அண்ணாந்து கூரையைக் காட்டினான்.

நடுவில் கரண்ட் போனது.
திரை மறுபடி அதிபரின் வேட்டியானது.
அதை ஒருவரும் கவனிக்கவில்லை.
ஆவணியா புரட்டாதியா என்று
பொம்பிளைப் பிள்ளைகள் ஒரு பக்கம், பெடியள் ஒரு பக்கம்.
கருவி தோற்றது, பிள்ளைகள் வென்றார்கள் என்று
பிரதிபலிப்புக் குறிப்பில் எழுதினால் விரிவுரையாளர் பாராட்டுவார்.
ஆனால் அந்தப் பழைய படம் பிழைவிடாமல் இருந்திருந்தால்
அவன் எழும்பியிருப்பானா?

பிறகு யதுசிகா.
பேர் கூப்பிட்டாலும் நிலத்தைப் பார்ப்பவள்.
அன்றிரவு எட்டு ஐம்பதுக்குத்
தாயின் போனிலிருந்து ஒரு குரற்பதிவு.
தவளைகள். தூரத்தில் லாண்ட்மாஸ்ரர் ஒன்று.
அரை நிமிடம் வேறொன்றுமில்லை. பிறகு,
"ரீச்சர், ஒடுங்கல் எண்டா...
மழை இல்லாத நாளும் விடியப்புறம்
எங்கட தகரத்தால சொட்டுமே, அதோ?"

வாய்க்கால் கட்டில் ஏறி நின்றிருக்க வேண்டும்,
அவர்கள் பக்கம் அங்கேதான் இரண்டு கோடு விழும்.
மூன்று தரம் கேட்டேன்.
நீளமாய் எழுதினேன், அழித்தேன்,
"ஓம், அதேதான்" என்று மட்டும் அனுப்பினேன்.
காலையில் வகுப்பில் அவள் நிலத்தைத்தான் பார்த்தாள்.
தகரத்தின் கதையை நான் எடுக்கவில்லை.
அது அவள் எனக்குச் சொன்னது.
இதற்கு எத்தனை போடுவது?
பள்ளிக்கூடம் முடிந்து ஏழு மணித்தியாலம் கழித்து வரும் ஈடுபாட்டை
எந்தப் பாடவேளையில் சேர்ப்பது?

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்கு வருகிறார்கள்.
இருபத்திரண்டில் பத்தொன்பதை அழித்துவிட்டேன்.
குளத்தின் புதிய படம் கிடைக்கலாம், நான் தேடவில்லை.
பிழையானது பத்திரமாக இருக்கிறது.
லதுர்சனிடம் சொல்லியிருக்கிறேன்,
வியாழன் இரவு கொஞ்சமாவது படு என்று.
யானையிடம் சொல்லச் சொன்னான்.
பல்லியைப் பற்றியும்
இப்போதைக்கு உறுதி கூற முடியாது.